ஊதையரின் போர் நடனத்தை எங்கிருந்து தொடங்குவது?

மேடைக்காரி, பீடோங் | வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இளைஞர் குழு வரும் பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம் தயார் செய்கிறது. கதையில் வரும் ஊரும் மக்களும் முழுக்கப் பிள்ளைகளின் கற்பனை. அந்த மக்களுக்கு ஊதையர் என்று பெயர். ஆறு கடலில் சேரும் இடத்தில், சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே ஒரு மேட்டில் வாழ்கிறார்கள். தொழில் இரும்பு உருக்குவது. பகைவர்கள் கடல் வழியாக, நீர் ஏறும் நேரம் பார்த்துப் படகில் வருவார்கள்.

இந்தக் கற்பனை எங்கே முளைத்தது என்று கெடாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சுங்கை பத்து தொல்லியல் களம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சத்தையும் உலைக்குக் காற்று ஊத மண்ணால் செய்த ஊதுகுழல்களின் துண்டுகளையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் எழுதியது இது. ஆனால் ஊதையர் அந்தக் களம் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் அல்லர். கதைக்கும் 1025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல், அதாவது பழைய கெடாவின்மேல், படையெடுத்ததற்கும் சம்பந்தமில்லை. அதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டோம்.

இரண்டாம் காட்சியில் ஊதையர் ஒரு போர் நடனம் ஆட வேண்டும். அங்கேதான் நிற்கிறோம். பையன்களில் பாதிப் பேர் யூடியூப்பில் நியூசிலாந்து மாவோரிகளின் ஹக்கா ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டி, தொடையைத் தட்டிப் பயிற்சியே தொடங்கிவிட்டார்கள். இன்னும் சிலர் சிலம்பம் போதும் என்கிறார்கள். உடை தைக்கும் பெண்களோ இறகு, எலும்பு மாலை, முகத்தில் சாயம் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கற்பனை மக்கள் என்றாலும் அவர்களுக்கு உடம்பு உண்டு, கால் வைக்க ஒரு தரை உண்டு, தினமும் செய்கிற வேலை உண்டு, இராத்திரி தூங்கவிடாத பயம் உண்டு. நடனம் அதிலிருந்துதான் வர வேண்டும். பத்து ஊரிலிருந்து பத்து அசைவை எடுத்து ஒட்டினால் பார்க்கிறவருக்கு அது எந்த ஊர் ஆட்டமாகவும் தெரியாது. உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள். தரை, தாளம், ஆயுதம், உடை எதைப் பற்றி என்றாலும் சரி.


சிலம்பக்கம்பு, சுங்கைப்பட்டாணி | வெள்ளி, இரவு 9.48

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற கலையை விட்டுவிட்டு இல்லாத ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்? நம் பாட்டன்மார் இந்த நாட்டுக்குத் தோட்ட வேலைக்கு வந்தபோது சிலம்பமும் அவர்களோடு வந்தது. லயத்து வீடுகளுக்குப் பின்னால், கோயில் திடலில், வேலை முடிந்த மாலையில் கற்றுக்கொடுத்துக் காப்பாற்றி வைத்தார்கள். இன்றைக்கு நான் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பொங்கல் மேடை கிடைத்தால் அதில் சிலம்பம் ஏறட்டும் என்றுதான் என் மனம் சொல்லும்.

இன்னொன்று. போர் நடனம் என்றால் வெறும் மிரட்டல் இல்லை, பயிற்சி. பழைய கிரேக்கர்களின் பிர்ரிக் நடனத்தைப் பற்றி பிளாட்டோ எழுதும்போது, அடியிலிருந்து விலகுவது, தாழ்வது, துள்ளுவது, பிறகு அம்பு விடுவதும் ஈட்டி எறிவதும் போன்ற அசைவுகள் என்று விவரிக்கிறார். அப்படியே நம் காலடி வரிசைதான். கால் எங்கே போகிறதோ அங்கேதான் கம்பு போகும். அந்தக் கணக்கு இல்லாமல் பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தால் அதைப் போர் நடனம் என்று என்னால் சொல்ல முடியாது.


கெடாக்காரன், இப்போது கூச்சிங் | வெள்ளி, இரவு 10.30

ஹக்கா ஆடும் பையன்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள் டீச்சர். ஹக்கா என்றாலே போருக்கு என்று நாம் நினைக்கிறோம். மாவோரிகள் விருந்தினரை வரவேற்கவும் ஆடுவார்கள், கல்யாணத்திலும் ஆடுவார்கள், சாவு வீட்டிலும் ஆடுவார்கள். ஆயுதம் ஏந்தி ஆடும் போர் வகைக்குப் பெருபெரு என்று தனிப்பெயர் இருக்கிறது. ரக்பி மைதானத்தில் பார்க்கிற ‘கா மாத்தே’ 1820 வாக்கில் நாத்தி தோவா இனத் தலைவர் தே ரௌபராஹா இயற்றியது. எதிரிகள் துரத்தி வர, கிழங்கு சேமிக்கும் குழிக்குள் ஒளிந்து உயிர் தப்பியவர் பாடியது அது. சாவா வாழ்வா என்று நடுங்கியவனின் மூச்சு அதில் இருக்கிறது. 2014இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டு, அந்த ஹக்காவுக்கும் நாத்தி தோவா மக்களுக்கும் உள்ள உரிமையை அங்கீகரித்தது. அப்படி ஒரு பிறப்புக்கதை உள்ள ஆட்டத்தின் நாக்கை மட்டும் வெட்டி எடுத்து ஊதையர் வாயில் வைக்க முடியுமா?

இறகுக்கும் அதே பேச்சுதான். நான் இருக்கும் சரவாக்கில் இபான் மக்கள் ஙாஜாட் ஆடுவார்கள். கேடயம், வெட்டுக்கத்தி, இருவாசிப் பறவையின் இறகு வைத்த தலையணி. நேரில் பார்க்கும்வரை நானும் அதை ஆவேசமான ஆட்டம் என்று நினைத்திருந்தேன். பெரும்பகுதி மெதுவாக, தாழ்ந்து, காட்டில் ஒரு கிளை ஒடியாமல் நடப்பவன் போலப் போகிறது. அதனால்தான் திடீரென வரும் ஒரு வீச்சில் உடம்பு சிலிர்க்கிறது. கனமான உரலைப் பல்லால் கடித்துத் தூக்கி ஆடும் வகையும் உண்டு. வீட்டு உரல் ஆட்டத்துக்குள் வந்துவிட்டது பாருங்கள். பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாடத்தை. இறகு அவர்களுடையது.


நிலாக்கதை, கூலிம் | வெள்ளி, இரவு 11.02

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? கற்பனைக் கதைதானே. பிள்ளைகள் சந்தோஷமாக ஆடட்டும். எட்டு நிமிடம் மேடையில் ஆடப்போகிற நடனத்துக்கு மானிடவியல் பாடம் நடத்தினால் அடுத்த வருடம் ஒருவனும் வரமாட்டான்.


மேடைக்காரி, பீடோங் | வெள்ளி, இரவு 11.20

வருவார்கள் தங்கச்சி. இந்த மக்களுக்கு உலை எங்கே, கிணறு எங்கே, செத்தவரை எங்கே புதைப்பது என்று வரைபடம் போட்டவர்களே அவர்கள்தான். ஆட்டத்துக்கு மட்டும் ஏன் கேள்வி கேட்கக் கூடாது?


மரபுப்பேச்சு, குருன் | சனி, காலை 7.15

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். ஊதையர் இதை எப்போது ஆடுகிறார்கள்? சண்டைக்கு முன்பா, நடுவிலா, முடிந்த பிறகா?

அது தெரியாமல் ஒரு அசைவைக்கூட முடிவு செய்ய முடியாது. தொல்காப்பியம் முன்தேர்க் குரவை, பின்தேர்க் குரவை என்ற இரண்டு ஆட்டங்களையும் வாகைத் திணையில் வைக்கிறது. அதாவது வென்ற பிறகு. பயம் தீர்ந்த உடம்பு ஆடும் ஆட்டம் அது. துணங்கைக்கு உரைகாரர்கள் சொல்லும் இலக்கணம், இரண்டு கைகளையும் மடக்கி விலாவில் அடித்துக்கொண்டு ஆடுவது. செய்து பாருங்கள், அடிக்க அடிக்க மூச்சு தானாக வெளியே தள்ளப்படும். ஊதையர் துருத்தி ஊதுகிறவர்கள் என்றால் இந்த ஒரு அசைவு அவர்களுக்கு வெளியூர்ச் சரக்காக இருக்காது.

சிலப்பதிகாரம் சொல்லும் பதினோர் ஆடல்களில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது குடைக்கூத்து. அவுணர்கள், அதாவது அசுரர்கள், படைக்கலங்களைப் போட்டுவிட்டுத் துயரத்தில் நிற்கும்போது, முருகன் குடையைச் சாய்த்து அவர்கள் முன் ஆடியது. எதிரி தோற்றுவிட்டான், கையில் ஆயுதம் இல்லை. அப்போது ஒருவன் ஆடுகிறான் என்றால் அந்த ஆட்டத்தின் குணமே வேறு. கொற்றவை ஆடிய மரக்கால் கூத்தும் இருக்கிறது. அவுணர் பாம்பும் தேளுமாக வந்தபோது மரக்கால் மேல் நின்று ஆடினாள். தரையில் ஆபத்து என்றால் தரையிலிருந்து உயர்ந்து நின்று ஆட வேண்டும் என்பது எவ்வளவு நேரான யோசனை!

இதையெல்லாம் ஊதையருக்கு அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. நம் பழைய ஆடல் ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடிக்குப் பதிலாகப் பிறந்திருக்கிறது. ஊதையரின் நெருக்கடி எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.


மேடைக்காரி, பீடோங் | சனி, காலை 8.40

ஐயா, காலைப் பயிற்சியில் கேட்டேன். சண்டைக்கு முன்புதானாம். பகைவர் நீர் ஏறும்போதுதான் வர முடியும், அதனால் நீர் வற்றியிருக்கும்போது வெளியே தெரியும் சேற்றில் இறங்கி ஆடுவார்கள் என்று படிவம் 2 படிக்கும் ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனோம்.


நண்டுக்கூடை, மெர்போக் | சனி, மதியம் 1.05

அந்தப் பெண் யாரோ, அவளுக்கு ஒரு கும்பிடு. என் அப்பா தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் மெர்போக் ஆற்றோரம் நண்டு பிடிக்கப் போவார், நானும் கூடப் போயிருக்கிறேன். அந்தச் சேற்றைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில், அங்கே காலை ஓங்கி மிதிக்க முடியாது. மிதித்தால் முழங்கால்வரை உள்ளே போய்விடும், சத்தமும் வராது. குதிக்கவே முடியாது. காலை எடுக்க வேண்டுமானால் முதலில் குதிகாலை லேசாகத் திருப்பி, உள்ளே காற்றுப் போக வழி விட்டு, பிறகு மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் செருப்பு போகும், இல்லை முட்டி வலிக்கும். மரத்தைச் சுற்றி மூச்சு வேர்கள் குச்சி குச்சியாக நிற்கும், கால் வைக்கும் இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எடை எப்போதும் பின்னங்காலில் இருக்கும்.

அதனால் ஊதையர் ஆட்டத்தில் மிதி கிடையாது. சத்தம் காலில் இருந்து வராது, கையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும்தான் வரும். துணங்கை பற்றி ஐயா சொன்னது இங்கே சரியாகப் பொருந்துகிறது.

இன்னொன்று, நீர் ஏறத் தொடங்கினால் நிற்காது. ஆட்டத்தின் நீளத்தை நீர்தான் முடிவு செய்யும். கணுக்கால் நனையும்போது ஆட்டம் ஒரு மாதிரி, முழங்காலுக்கு வந்ததும் காலை அசைக்க முடியாமல் இடுப்புக்கு மேல் மட்டும் ஆட வேண்டியிருக்கும். கடைசியில் கழுத்தும் கையும் மூச்சும்தான் மிஞ்சும். யார் முதலில் மேடேறுவது என்பதே பெரிய கேள்வி ஆகிவிடும்.


உறுமிச்சத்தம், பீடோங் | சனி, மாலை 5.30

இதைப் படித்ததும் தாளம் கிடைத்துவிட்டது அக்கா.

துருத்தியை நினைத்துப் பாருங்கள். அழுத்துவது சட்டென்று முடியும், மறுபடி காற்று நிரம்ப நேரம் எடுக்கும். இரண்டும் ஒரே அளவு இல்லை. அழுத்த இரண்டு, நிரம்ப மூன்று. தக, தகிட. கண்ட நடை. ஜார்ஜியா நாட்டில் கோருமி என்று ஒரு போர் நடனம் இருக்கிறது, அதுவும் ஐந்து எண்ணிக்கைதான். வேவு பார்ப்பது, சண்டை, வெற்றி என்று வரிசையாகப் போகும். நாலு எண்ணிக்கையில் நடந்தால் அது அணிவகுப்பு, யாருக்கும் பழக்கமானது. ஐந்தில் நடந்தால் பார்க்கிறவனுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று பிடிபடாது.

ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு அடி வைத்தால், ஐந்து ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி கால் மாறி விழும். ஒரு சுற்று இடதில், அடுத்த சுற்று வலதில். சேற்றில் ஒரே கால் சோர்ந்து போகாது. நண்டுக்கூடை அண்ணன் சொன்ன மாதிரி பொறுத்து வைக்கிற நடைக்கு மெதுவான கண்டம் அருமையாக இருக்கும்.

கருவிக்கு வெளியே தேட வேண்டாம். உறுமியின் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்து இழுக்கும்போது வருகிற அந்த முனகல் உலைக்குள் காற்றுப் போகும் சத்தம்தான். முதல் பாதியில் இழுப்பு மட்டும் போதும், அடியே வேண்டாம். அடி விழுந்தால் சனங்கள் உடனே கோயில் ஊர்வலத்தை நினைத்துவிடுவார்கள். மேளக்காரர்களை அடிக்காமல் இருக்கச் செய்வதுதான் கஷ்டம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


செம்பருத்தி, சுங்கைப்பட்டாணி | சனி, இரவு 8.55

உடற்பயிற்சிச் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். மேடை உண்மையில் சேறு இல்லை, சிமெண்டுத் தரை. வெறுங்காலில் தாழ்ந்த நிலையில் நீண்ட நேரம் நின்றால் பிள்ளைகளுக்கு முழங்கால் முன்பக்கம் வலிக்கும். பயிற்சிக்கு ஒட்டுப்பலகை விரியுங்கள். குதிகாலைத் திருப்பும் அசைவைப் பாதத்தில் இருந்து மட்டும் செய்யாமல் இடுப்பில் இருந்து திருப்பச் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் சுமையெல்லாம் முட்டியில் விழும்.

அப்புறம், யார் ஆடுவது? எல்லாரும் பையன்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். துருத்தி ஊதுவது யார் வேலை என்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்? பெண்கள் ஊதினால் அந்தத் தாளம் பெண்களின் தாளம். அப்போது போருக்குப் போகிறவர்களை மேட்டில் நின்று ஆட்டுவிப்பது அவர்கள்தான். உடை தைப்பதோடு நம் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள்.

சேர்ந்து அசைவதைப் பற்றி ஒன்று. வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு டெக்சாசில் பயிற்சி பெற்றார். பழக ஆயுதங்கள் போதாமல் மணிக்கணக்கில் அணிநடை பழகினார்கள். பயனில்லாத வேலை என்று தெரிந்தும், எல்லாரோடும் ஒரே நேரத்தில் கால் வைக்கும்போது தன் உடல் பெரிதாகிவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்தது என்று பல ஆண்டுகள் கழித்து எழுதினார். போருக்கு முன் ஆடுவதன் பலன் எதிரியிடம் இல்லை, ஆடுகிறவர்களுக்குள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.


பால்வெட்டு, பீடோங் | ஞாயிறு, காலை 6.20

பிள்ளைகளே, நான் வயதானவன், மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன்.

அணிநடை என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம் ஊரிலேயே நடந்த கதையை நாடகக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1946, 47இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இருந்தது. தொடங்கிய இடம் இதே பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டம். தோட்டத்து ஆண்கள், பகலெல்லாம் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர்கள், மாலையில் வரிசையாக நின்று அணிநடை பழகினார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பாதிப்பு அதில் இருந்தது. கள்ளுக்கடைகளை மூடு என்பது அவர்களின் பெரிய குரல். 1947 தொடக்கத்தில் போலீசோடு மோதல் வந்து படை ஒடுக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அதற்கு முன்பு தோட்டத்து ஆள் வரிசையில் நின்றது பெரட்டுக்கு மட்டும்தான். விடியுமுன் இருட்டில், கங்காணி பெயர் கூப்பிட, தலையைக் குனிந்து நின்ற வரிசை. அதே கால்கள், அதே திடல். ஒரு நாள் தாங்களாகவே வரிசை போட்டு நிமிர்ந்து நடந்தபோது தொரைமாருக்குப் பயம் வந்தது. கம்பைப் பார்த்துப் பயப்படவில்லை. ஒரே நேரத்தில் விழுந்த காலடியைப் பார்த்துப் பயந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத்து ஆட்கள் தங்கள் ரப்பர் பூட்சைத் தட்டியே ஒரு ஆட்டம் உண்டாக்கினார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்தேன். வேலைக்குக் கொடுத்த பூட்சு அவர்கள் கையில் மேளம் ஆகிவிட்டது. ஊதையருக்கு வாளும் கேடயமும் எதற்கு? உலையைக் கிளறும் நீளக் கம்பி அவர்களிடம் இருக்குமே. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி தூக்கியவன் நான். தினம் தூக்குகிற பொருளை உடம்பு எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சண்டைக்குத் தூக்கினாலும் அந்தப் பிடிதான் வரும்.


சிலம்பக்கம்பு, சுங்கைப்பட்டாணி | ஞாயிறு, காலை 10.10

ஐயா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். வணக்கம் ஐயா.

மேடையில் சிலம்பம் வர வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை டீச்சர். ஆனால் உலைக்கம்பி என்று முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிலம்பக் கம்பு ஆடுகிறவனின் நெற்றி உயரம், இரண்டு முனையும் பேசும். உலைக்கம்பிக்கு ஒரு முனை சூடு. அந்த முனையை யாரும் பிடிக்க மாட்டான், தன் ஆள் பக்கம் திருப்பவும் மாட்டான். அதனால் முழுச் சுழற்சி இந்த ஆட்டத்தில் வரவே கூடாது. இரண்டு கையும் பின்பாதியில், முனை எப்போதும் கடல் பக்கம். பயிற்சியில் எவனாவது அழகுக்காகச் சுழற்றினால் உடனே நிறுத்துங்கள்.


மேடைக்காரி, பீடோங் | ஞாயிறு, இரவு 9.30

எல்லாருடைய பதிவையும் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போதைக்கு முடிவானவை இவை.

தொடக்கத்தில் எல்லாரும் உலையைச் சுற்றி, சபைக்கு முதுகு காட்டி நிற்பார்கள். உறுமி இழுப்பு மட்டும். துருத்தி ஊதுவது பெண்கள், தாளம் அவர்கள் கையில். கண்ட நடையில் ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்குவார்கள். மிதி இல்லை, குதி இல்லை, கம்பிச் சுழற்சி இல்லை. சேற்றில் இறங்கிய பிறகு முன்வரிசை பின்வரிசைக்குள் மாறி மாறிப் போகும், அப்போது தூரத்துப் படகிலிருந்து பார்ப்பவனுக்கு எத்தனை பேர் என்று எண்ண முடியாது. இது பிள்ளைகளே சொன்னது, கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீர் ஏறுவதை நீலத் துணியால் காட்டப்போகிறோம். துணி உயர உயர அசைவு மேலே ஏறிக் குறையும். உடையில் இறகு, எலும்பு எல்லாம் போய்விட்டது. உலைக்கரியும் சேறும் மட்டும்.

தீராதது ஒன்று இருக்கிறது. மரபுப்பேச்சு ஐயா சொன்ன குடைக்கூத்தைப் போல, வென்ற பிறகு தோற்றவர் முன்னால் ஒரு சின்ன ஆட்டம் வேண்டும் என்று நான் கேட்கிறேன். பையன்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தீ வைக்க வந்தவனுக்கு முன்னால் ஊதையர் எதற்கு ஆட வேண்டும், கம்பியைக் கழுவிவிட்டு உலைக்குத் திரும்பிப் போவார்கள் என்கிறான் ஒருவன். அவன் பக்கமும் வலுவாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை மறுபடி பேசுவோம்.

ஒட்டுப்பலகை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பழையது என்றாலும் பரவாயில்லை. பால்வெட்டு ஐயா, உங்களால் ஒரு மாலை வந்து காண்டாக் கம்பு பிடிப்பதைக் காட்ட முடியுமா? வண்டி அனுப்புகிறேன்.


பால்வெட்டு, பீடோங் | திங்கள், காலை 6.05

வண்டி வேண்டாம் அம்மா, மகன் கொண்டுவந்து விடுவான். கம்பு என்னிடமே இருக்கிறது. பிள்ளைகளை இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், வெறும் கம்பில் அந்த நடை வராது.